மணப்புறத்து மூக்குத்தி

என் வயசுக்காரர்களே, சுகர் மாத்திரை போட்டாச்சா? போட்டுவிட்டே படியுங்கள். பயந்தால் எனக்கு சுகர் ஏறும், உங்களுக்கு எப்படியோ.

பின்னாலிருந்து யாராவது "கிட்டியோ?" என்று கேட்டால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. 'கிடைத்ததா' என்பதை மலையாளத்தில் அப்படித்தான் கேட்பார்கள். கொச்சியில் இருந்துகொண்டு அந்த வார்த்தையிலிருந்து தப்பிக்க முடியுமா? மீன் கிட்டியோ, ரேஷன் கிட்டியோ, பெண்ணு கிட்டியோ என்று ஊரே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் பஸ்ஸில் பின் சீட்டுக்காரர், கண்டக்டர் தர வேண்டிய பாக்கி 'கிட்டியோ?' என்று தன் பெண்டாட்டியிடம் கேட்டார். அவ்வளவுதான். பள்ளுருத்திக்கு டிக்கெட் எடுத்திருந்த நான் தோப்பும்படியிலேயே இறங்கி மிச்ச தூரத்தை நடந்து போனேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

இந்த வீரம் எனக்கு ஒரே ஒரு கோடைகாலத்தில் வந்து சேர்ந்தது. எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயசு இருக்கும்.

நாங்கள் கம்பத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த குடும்பம். அத்தா, அதாவது எங்கள் அப்பா, மிளகுக் குடோனில் மேஸ்திரி. வீட்டுக்குப் பின்னால் குடோன், அதற்குப் பின்னால் காயல். எங்கள் சட்டை, சோறு, பாடப் புத்தகம் எல்லாம் மிளகு வாடை அடிக்கும். தெருவில் புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

முறம் பிடிப்பதில் அத்தாவை அடிக்க ஆளில்லை. ஒரு சுண்டு சுண்டுவார். கல் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், சண்டு ஒரு பக்கம் என்று சொல்லிவைத்த மாதிரிப் பிரிந்து நிற்கும். அந்தக் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். நிலம்பூர்ப் பக்கத்து லாரிக்காரன் ஒருத்தன், தங்கள் ஊர் ஆற்றில் ஜனங்கள் மரத்தட்டில் மணலை அரித்துத் தங்கம் எடுப்பதாக அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனான். சொன்னவன் மறந்திருப்பான். அத்தா மறக்கவில்லை. தோப்பும்படியில் படகு வேலை செய்யும் ஆசாரியிடம் சொல்லி, பலா மரத்தில் அகலமாக, நடுவில் குழிந்த ஒரு மரவை செய்து வாங்கி வந்துவிட்டார்.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, தெருமுனையில் சாயாக்கடை வைத்திருந்தார். மரவையைப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல எத்தனை பேருக்கு பிரியாணி வைக்கலாம்?" என்றார்.

"தங்கம் அரிக்கப் போறேன்."

"எங்கே?"

"ஆலுவாப் பக்கம். பெரியாத்துல."

"நிலம்பூர்ல தங்கம் இருந்தா பெரியாத்துல எப்படி வரும்? அது மலையிலேர்ந்து வர்ற ஆறு மச்சான்."

"பெரியாறு என்ன கடல்லேர்ந்தா வருது?"

மாமா சாயாவை ஓங்கி ஆற்றிவிட்டு, கடையில் இருந்தவர்களைப் பார்த்து, "எங்க மச்சானுக்கு வெயில் கூடிப்போச்சு" என்றார். அன்றைக்கு மாலைக்குள் தெரு முழுக்க அத்தாவுக்குப் 'பொன் மேஸ்திரி' என்று பட்டம் வந்துவிட்டது.

அம்மாவின் மூக்கில் ஒரு ஈர்க்குச்சித் துண்டு இருந்தது. ஊரைவிட்டு வந்த வருஷம் மூக்குத்தி விற்றுப்போய், துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள். குச்சி கறுத்தால் துடைப்பத்தில் இன்னொன்று ஒடித்துக்கொள்வாள். அத்தா சாப்பிடும்போது அம்மா முகத்தைப் பார்க்க மாட்டார், தட்டைத்தான் பார்ப்பார். தங்கம் எதற்கு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். எறணாகுளம் வரை படகு, அங்கிருந்து பஸ். மரவையை நான் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவேன். படகில் ஏறுகிறவர்கள் நான் சட்டி விற்கப் போகிறேன் என்று நினைத்து விலை கேட்பார்கள். ஆலுவாவுக்கு மேலே பல இடங்களில் அரித்துப் பார்த்தோம். கிளிஞ்சல் கிடைத்தது. பல் போன சீப்பு கிடைத்தது. ஒரு பாட்டில் மூடி மின்னியதைப் பார்த்து நான் கத்திய கத்தலில் அக்கரையில் குளித்தவர்கள் கரையேறிவிட்டார்கள்.

கடைசியில் மணப்புறத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆற்று நடுவே கோடையில் தலை தூக்கும் பெரிய மணல் திட்டு அது. ஒரு ஓரத்தில் படித்துறை. அதற்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் வளைந்து போகும் இடத்தில் அத்தா மரவையை இறக்கினார். மணலை அள்ளி, தண்ணீரில் மூழ்க வைத்து, முறத்தை ஆட்டுவதுபோல் வட்டமாக ஆட்டினார். வெள்ளை மணல் போய்விட்டது. கறுப்பு மணல் குழியில் தங்கியது. அந்தக் கறுப்பின் மேல், அரிசிக் குருணையில் பாதி அளவுக்கு, ஒரு மஞ்சள்.

அத்தா கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி மரவையை மூடினார்.

அதற்கப்புறம் வாராவாரம் கிடைத்தது. தகடாகக் கொஞ்சம், கம்பியாகக் கொஞ்சம், உருகித் திரண்ட மாதிரிக் கொஞ்சம். ஹோமியோ மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவைத்தார். "பாத்தியாடா, கை" என்று தன் கையையே எனக்குக் காட்டுவார்.

இடம் மட்டும் ஒரு மாதிரி. படித்துறையிலிருந்து எள்ளும் சோறும் செம்பருத்தியும் மிதந்து வரும். காக்கைகள் கரையில் வரிசையாக நிற்கும். கரையாது. கத்தாத காக்காயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? காத்திருக்கிற காக்காய் கத்தாது.

"அங்கே என்னத்தா பண்றாங்க?"

"அவங்க சாமி கும்பிடுறாங்க. அடுத்தவங்க தொழும்போது எட்டிப் பாக்கக் கூடாது. இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டு மரியாதை அது. அந்த மரியாதையாலேயே நாங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் இருந்தோம். சோறு மிதந்து வருவதைப் பார்த்து அத்தா, "ஆத்துக்கே சோறு போடுறாங்க. நல்ல சனம்" என்று சொன்னார்.

அங்கேதான் ஒரு சேச்சியை, மலையாளத்து அக்காவை, பார்த்தேன். வெள்ளை முண்டு, ஈரத் தலைமுடி முடியாமல் கிடக்கும். கடைசிப் படியில் உட்கார்ந்து நாங்கள் அரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நாங்கள் கிளம்பும்போது எங்கள் பின்னால் வந்து நின்று, "கிட்டியோ?" என்பாள்.

"கிட்டி சேச்சி, அல்லாஹ்வோட கிருபை" என்பார் அத்தா.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி, இதே பதில். உச்சி வெயிலில் அந்த மணல் வறுசட்டி மாதிரிக் கொதிக்கும். நானும் அத்தாவும் செருப்புப் போட்டுக்கொண்டே குதித்துக் குதித்துப் போவோம். அவள் வெறுங்காலோடு, கோயில் பிராகாரத்தில் நடப்பது மாதிரி நிதானமாக நடப்பாள்.

ஒருநாள் கையை நீட்டினாள். அத்தா புட்டியைக் கொடுத்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெதுவாகச் சாய்த்து, ஒவ்வொரு பொடியாகப் பார்த்தாள். அவள் விரல் நுனிகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்த மாதிரி ஊறி, வெளுத்து, சுருங்கியிருந்தன.

"இதிலில்ல" என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"பாவம், நகை எதையோ தொலைச்சிருக்கு" என்றார் அத்தா. எனக்கு மட்டும் அந்தக் கொதிக்கிற மணலில் குளிரெடுத்துப் பல் கிட்டியது.

ஒரு மூக்குத்திக்கு ஆனதும் அத்தா புட்டியைக் கடைத்தெருவில் இருந்த தமிழ்த் தட்டாரிடம் கொண்டுபோனார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே பொடியை உள்ளங்கையில் கொட்டி ஊதுகுழல் நுனியால் புரட்டினார்.

"எங்கே கிடைச்சுது மேஸ்திரி?"

"ஆலுவா மணப்புறத்துல. படித்துறைக்குக் கீழே. என் கையால அரிச்சது."

மெல்லுவது நின்றது. அத்தாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். அத்தா சிரித்துக்கொண்டிருந்தார், காது வரைக்கும். தட்டார் மறுபடி மெல்ல ஆரம்பித்து, "செஞ்சு தரேன். கூலி வேண்டாம்" என்றார்.

வெளியே வந்து அத்தா சொன்னார்: "தொழில்காரனுக்குத்தாண்டா தொழில்காரன் அருமை தெரியும்."

அடுத்த ஞாயிறு மணப்புறத்துக்கு அரிக்கப் போகவில்லை, நன்றி சொல்லப் போனோம். அத்தா வழியில் ஒரு பொட்டலம் ஹல்வா வாங்கினார். மறு பக்கம் திரும்பி நின்று, யாரும் பார்க்காமல், ஆற்றுக்கு ஒரு துண்டு போட்டார். நான் அந்த நேரம் பார்த்து படித்துறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டேன்.

படித்துறையில் ஈர வேட்டியோடு ஒருவர் நின்றார். கையில் சிவப்புத் துணி சுற்றிய சின்னப் பானை. பூசாரி என்னவோ சொல்ல, அவர் துணியை விலக்கினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, மஞ்சளாகக் குருணை ஒன்றை எடுத்து, அந்தத் துண்டுகளின் மேல் போட்டார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பானையைப் பின்பக்கமாக விட்டார். திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்.

பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், பானையில் என்ன என்று.

"எல்லு. மரிச்ச ஆளோட எலும்பு."

"மேலே போட்டது?"

"பொன்னு. போகிற ஆளுக்கு ஒரு பொட்டுப் பொன்னு கூட வைக்கணும். உங்க ஆளுங்க வைக்க மாட்டாங்களா?"

வைக்க மாட்டோம். எங்களில் இறந்தவர் உடம்பிலிருந்து குந்துமணித் தங்கத்தையும் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணி மட்டும் சுற்றி அனுப்புவார்கள். அதனால்தான் அத்தாவுக்கு இது தோன்றவே இல்லை. எனக்கு மட்டும் இப்போது தெரிந்துவிட்டது. எங்கள் புட்டியில் இருந்தது ஆறு கொடுத்த தங்கம் இல்லை. தலைக்கு ஒரு பொட்டு. எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அத்தாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பஸ்ஸில் அவர் என் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாதவரிடம், "வீட்டுக்காரிக்கு மூக்குத்தி செய்யக் குடுத்திருக்கேன், நானே எடுத்த பொன்னு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எந்த வாயால் சொல்வது?

மூக்குத்தி வந்தது. சின்னதுதான், ஒற்றைப் பூ. அம்மா ஈர்க்கை எடுத்துவிட்டு அதைத் திருகிக்கொண்டாள். அத்தா பல வருஷத்துக்கப்புறம் சாப்பிடும்போது நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தார். மாமா சாயாக்கடையில், "எங்க மச்சான் மாதிரி கைகாரன் கொச்சியில உண்டா?" என்று கட்சி மாறினார். மொத்த மட்டாஞ்சேரியும் சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் சோற்றை உருட்டிக்கொண்டு, அம்மாவின் மூக்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கவலையெல்லாம் ஒன்றுதான்: தங்கத்துக்கு உரியவர்கள் அதைத் திருப்பிக் கேட்டு வந்தால், மூக்குத்தியை மட்டுமா எடுத்துக்கொண்டு போவார்கள்?

அதனால் அதைக் கழற்றிவிட ஒரு திட்டம் போட்டேன். அறிவாளிப் பிள்ளை நான். மூக்கிலிருந்து ஒன்று வெளியே வர வேண்டுமென்றால் என்ன வழி? குடோனில் மிளகுக்கா பஞ்சம்? பொடியை அள்ளி வந்து அம்மாவின் துவாலையில் தடவி வைத்தேன். அம்மா முகம் துடைத்தாள். அன்றைக்கு அவள் தும்மிய தும்மலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. மாமா கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அம்மாவின் கண், மூக்கு, தொண்டை எல்லாம் வெளியே வந்துவிடும் போலிருந்தது. மூக்குத்தி அசையவில்லை. திருகாணி என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் பிற்பகல், கோடை மழை பெய்துகொண்டிருந்தது. அத்தா குடோனில். நானும் அம்மாவும் மட்டும் வீட்டில். கதவு தட்டும் சத்தம். மெதுவாக, விரல் நுனியால் தட்டுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைத் துணி தெரிந்தது. அதற்கு மேல் பார்க்க நான் என்ன மடையனா? கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். 'அம்மா, திறக்காதே' என்று கத்தியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

அம்மா திறந்தாள். "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

ஈரமான இரண்டு வெறுங்கால்கள் உள்ளே வந்தன. நடந்த இடமெல்லாம் தண்ணீர். கட்டிலில் உட்கார்ந்தன. என் மூக்குக்கு நேரே இரண்டு குதிகால். மேலே ரகசியக் குரலில் பேச்சு. மழைச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. நான் ஓத வேண்டியதை ஓதினேன். பாதி வந்தது, மீதிக்கு வாய்ப்பாடு வந்தது. ஈரேழு பதினாலு சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலே அம்மா அழுகிற மாதிரி இருந்தது. பிறகு கால்கள் எழுந்து போய்விட்டன. எட்டிப் பார்த்தேன். அம்மா தனியாக நின்று, மூக்குத்தியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா மாறிப்போனாள். பிற்பகலில் காயலைப் பார்த்த ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். அதன் முன்னால் நின்று, உதடு மட்டும் அசைய, ஆளில்லாத இடத்தைப் பார்த்து முணுமுணுப்பாள். கூப்பிட்டால் கேட்காது. முடித்துவிட்டுத் தண்ணீரை வெளியே ஊற்றுவாள், யாருக்கோ கை கழுவ ஊற்றுவது மாதிரி. நான் விளையாட்டை விட்டு ஓடி வந்து தினமும் முதலில் பார்ப்பது இது நம் அம்மாதானா என்று. சோறு போட்டுக் காதைத் திருகினால் அம்மாதான். அதற்காகவே காதைக் கொடுத்தேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்தது. ஆறு பெருகி மணப்புறம் தண்ணீருக்குள் போய்விட்டது. மரவை பரண் ஏறியது. அடுத்த கோடையில் அத்தா அதை எடுக்கவில்லை. "எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு" என்றார். பிறகு எப்போதோ வீடு மாறும்போது மரவையும் தொலைந்தது, ஹோமியோ புட்டியும் தொலைந்தது. யாரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. அத்தா போய், மாமா போய், நான் தாத்தாவாகி, அம்மா எண்பதைத் தாண்டியும் இருந்தாள், அந்த மூக்குத்தியோடு.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் மவுத்தானா மூக்குத்தியைக் கழட்டிடுவாங்க. யாருக்கும் குடுத்துடாதே. ஆலுவா ஆத்துல போட்டுடு. அவங்க சாமான் அது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தட்டார் பொண்டாட்டி மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து சொன்னாளே. நீயும்தானே கட்டிலுக்கு அடியில இருந்தே?"

இருந்தேன். ஈரேழு பதினாலு வரை போய்க்கொண்டு இருந்தேன்.

"தெரிஞ்சும் ஏம்மா போட்டுக்கிட்டே?"

"உங்கத்தா மூஞ்சியை அன்னிக்கு நீ பாத்தியா இல்லியா?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இரவல் சாமானை உடையவங்களைக் கேக்காம போடலாமா? அதான் தினமும் தண்ணி வச்சு, பேர் தெரியாத அவங்க எல்லாருக்கும் துஆ கேட்டேன். குடுத்து வச்சவங்க, ஒருத்தரும் வந்து கோச்சுக்கல."

"அத்தாவுக்கு?"

"தெரிய விட்டேனா நான்?" பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "துவாலையில மிளகுப் பொடி போட்ட நாய் யாருன்னும் எனக்குத் தெரியும்."

கோடைகாலம் முழுக்க ஆவி புகுந்துவிட்டது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த பொம்பளை, புருஷன் சிரிப்புக்காக ஊரார் இழவையெல்லாம் மூக்கில் சுமந்துகொண்டு நின்றிருக்கிறாள். மாமா அத்தாவைப் பைத்தியம் என்றார், அத்தா தட்டாரை ரசிகர் என்றார், நான் அம்மாவைப் பேய் என்றேன். மூன்று பேரும் ஆண்பிள்ளைகள்.

அம்மா போனாள். குளிப்பாட்டிய பெண்கள் தேங்காயெண்ணெய் விட்டுத் திருகாணியைக் கழற்றி, காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் கழிந்ததும் ஆலுவாவுக்குப் போனேன். பட்டப்பகல். படித்துறைக்கு இப்போது சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிண்டம் போட யாரும் வரவில்லை. காக்கைகள் மட்டும் வரிசையாக. கத்தவில்லை.

பேண்ட்டை மடக்கிக்கொண்டு, செருப்போடு, முழங்கால் ஆழத்தில் இறங்கினேன். மூக்குத்தியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன். அதைப் போட மனசு வரவில்லை. அம்மா முகத்தில் மீதி இருந்தது அது ஒன்றுதான். அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன்.

"கிட்டியோ?"

எனக்குப் பின்னால். தண்ணீருக்குள் இருந்து.

திரும்பிப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். என்னை உங்களுக்குத் தெரியும். ஆனால் ஓடவும் இல்லை, கால் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என் வாயிலிருந்து அத்தாவின் குரல் வந்தது: "கிட்டி சேச்சி." குனிந்து, கையைப் பின்பக்கமாகத் தண்ணீரில் நீட்டி உள்ளங்கையை விரித்தேன்.

உள்ளங்கையை ஏதோ தடவியது, மூக்குத்தி போய்விட்டது. கால் வந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். ஒரு செருப்பு ஆற்றிலேயே இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வாருங்கள், நான் போக மாட்டேன்.

"தண்ணி இழுத்திருக்கும்" என்கிறாள் என் வீட்டுக்காரி. இருக்கலாம். தண்ணீருக்கும் விரல் நுனி ஊறிச் சுருங்கியிருக்குமா என்று மட்டும் நான் அவளிடம் கேட்கவில்லை.